சைகோன் வாட்ச்

ராயப்பனை லாரிக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க எட்டு ஆட்கள் வேண்டியிருந்தது. விக்கிரவாண்டியைத் தாண்டி, ஏரிக்கரை ஓரத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அவன் மார்மேல் உட்கார்ந்திருந்தது. கழற்றிய பின்சக்கரம் பள்ளத்தில் கிடந்தது. மணி பகல் பதினொன்று இருக்கும். "ஜாக்கி நழுவிடுச்சே, அண்ணன் போயிட்டாரே" என்று அவனோடு வண்டியில் வந்த மாற்று டிரைவர் விருத்தாசலம் புளியமரத்தடியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து அவன் மனைவி சவுரியம்மாள் வந்து சேர்ந்தபோது உடம்பைக் கோணிமேல் கிடத்தியிருந்தார்கள். மார்பு இருந்த இடத்தில் சதை மட்டும்தான் இருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். பின்மண்டையில் அவள் விரல்கள் உள்ளே போயின.

லாரி சாய்ந்தது மார்மேல். பின்மண்டை எப்படி உடைந்தது?

அவள் இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்து வளையமாகத் தெரிந்தது. அதற்குக் குறுக்கே, வாரைப் பிடித்து இழுத்த கீறல் ஒன்று. அதில் ரத்தம் கட்டியிருந்தது.

"வாட்ச்சு எங்க?" என்றாள்.

விருத்தாசலம் அழுகையை நிறுத்தினான். "இன்னாக்கா?"

"அவரு கையில கட்டிக்கினு போன வாட்ச்சு."

"அண்ணன் இன்னிக்கி கட்டிக்கினு வரலியே அக்கா."

காலையில் அவன் கூழ் குடித்தபோது அந்த வாட்ச் கிண்ணத்தில் மோதிச் சத்தம் போட்டதை அவள் கேட்டிருந்தாள். அங்கே நின்ற போலீஸ்காரரிடம் சொன்னாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"புருஷன் நசுங்கிக் கெடக்கறான். உனக்கு வாட்ச்சு கேக்குதா?"

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு உடம்பு கூசியது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இது நடந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம்.

அந்த வாட்ச் சாதாரண வாட்ச் இல்லை. ராயப்பன் புதுச்சேரி வில்லியனூர் பக்கத்துக்காரன். அது பிரெஞ்சுக்காரன் பூமியாக இருந்ததால் பதினெட்டு வயதில் அவர்களுடைய பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனான். அங்கே அவனுக்கு லாரி ஓட்டும் வேலை. ஒருநாள் காட்டுப்பாதையில் குண்டு விழுந்து அவன் வண்டி தீப்பிடித்தது. பின்னால் காயம்பட்ட ஏழு பேர் படுத்திருந்தார்கள். மற்ற வண்டிக்காரர்கள் குதித்து ஓடினார்கள். ராயப்பன் எரிகிற ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு மைல் ஓட்டிப் பாலத்தைத் தாண்டிவிட்டான். உள்ளங்கைத் தோல் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஏழு பேரில் ஒருவர் அவனுடைய கேப்டன். அவர் உயிர் பிழைத்து எழுந்ததும் சைகோன் கடைத்தெருவில் தங்க வாட்ச் ஒன்று வாங்கி, பின்மூடியின் உள்பக்கம் ராயப்பன் பேரையும் ஊரையும் வருஷத்தையும் வெட்டச் சொல்லி அவன் கையில் கட்டிவிட்டார்.

மெல்லிய வாட்ச். சந்தன நிற முகம், தங்க முள். அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடினாலே ஓடும். ஒருநாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். அதனால் ராயப்பன் குளிக்கும்போது தவிர அதைக் கழற்றியதே இல்லை. விழுப்புரம் ஸ்டேஷன் எதிரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த சின்னக்கண்ணு ஒருதரம் எண்ணெய் போட அதைத் திறந்தபோது, உள்ளே இருந்த எழுத்தை சவுரியம்மாளுக்குப் படித்துக் காட்டினார். "உன் புருஷன் பேருதாம்மா. சைகோன், ஐம்பத்துமூணுன்னு போட்டிருக்கு" என்றார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வெட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

ஊருக்குத் திரும்பி வந்த ராயப்பன் திண்டிவனம் மல்லாட்டை மண்டி முதலாளி சீனுவாசனிடம் லாரி டிரைவராகச் சேர்ந்தான். ரோட்டோர டீக்கடைகளில் விருத்தாசலம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பான். சேரிக்காரனான ராயப்பன் வெளியே நின்று தகர டம்ளரில் குடிப்பான். தகர டம்ளரைப் பிடித்த கையில் தங்கம் மின்னுவதைப் பார்த்து டீக்கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவன் கையை மறைத்ததில்லை.

சீனுவாசனுக்கு வாட்ச் என்றால் பைத்தியம். மாடியறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே பட்டுத்துணி விரித்து இருபத்திரண்டு வாட்ச் வைத்திருந்தார். புதுச்சேரி துறைமுகத்தில் இறங்குகிறவர்களிடமும், மெட்ராஸ் ஏலக்கடைகளிலும் தேடித்தேடி வாங்கியவை. ராயப்பன் கையில் இருந்ததைப் போல ஒன்று அவரிடம் இல்லை. மூன்றுதரம் கேட்டார்.

"இன்னா வேணுமோ கேளு. அதை எனக்குக் குடுத்துடுடா."

"குடுக்கறதுக்கில்லீங்க மொதலாளி."

"உன் கைக்கு எதுக்குடா அது? மூட்டை தூக்கற எடத்துல ஒடைஞ்சி பூடும்."

"இத்தினி வருஷம் ஒடையலீங்க."

மூன்றாம் தரம் விருத்தாசலமும் பக்கத்தில் நின்றான். ராயப்பன் போன பிறகு சீனுவாசன் அவனிடம், "எப்பிடியாவது அதை வாங்கிக் குடுடா. உனக்கு ஒரு வண்டியே எழுதி வெக்கிறேன்" என்றார். இதெல்லாம் சவுரியம்மாளுக்குத் தெரியாது. ராயப்பன் மண்டிப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் இல்லை.

அவன் செத்த மூன்றாம் நாள் சீனுவாசன் காரில் விழுப்புரம் வந்து சேரி முனையில் இறங்கினார். அடக்கச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். "எம்மா, நீ தனியா இங்க இருந்துக்கினு இன்னா பண்ணப் போறே? திண்டிவனம் வந்துடு, மண்டியில வேலை போட்டுத் தர்றேன்" என்றார். பிள்ளை குட்டி இல்லாத சவுரியம்மாளுக்கு அது தேவனே வந்து சொன்ன மாதிரி இருந்தது. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

திண்டிவனம் மண்டியில் மல்லாட்டைப் பருப்பு புடைக்கும் நாற்பது பெண்களில் அவளும் ஒருத்தியானாள். விருத்தாசலத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு இப்போது சொந்த லாரி. மண்டிக்குப் பின்னால் குடியிருந்த அவன் மனைவி சின்னபொண்ணு ஏனோ சவுரியம்மாள்மேல் அளவுக்கு மீறிப் பாசம் காட்டினாள். கேப்பைக் களி கிளறினால் ஒரு உருண்டை கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் ஓடுவாள்.

விருத்தாசலம்தான் கொன்றான் என்று சவுரியம்மாளின் விரல்களுக்குத் தெரியும். ராயப்பன் மண்டையின் பள்ளத்தைத் தொட்ட விரல்கள் அவை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த மார்கழிக் கடைசியில், பொங்கலுக்குச் சுண்ணாம்படிக்க முதலாளி வீட்டுக்கு நான்கு பெண்களைக் கூப்பிட்டார்கள். மண்டிக்கு மேலேயே வீடு. சவுரியம்மாளை மாடி நடையில் அடிக்கச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியிருந்தது. ஓர் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே சாய்வு நாற்காலியில் சீனுவாசன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது.

சந்தன நிற முகம். தங்க முள். நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில், ராயப்பன் லாரிக் கதவில் இடித்து நசுங்கிய சின்னப் பள்ளம்.

சவுரியம்மாள் சுண்ணாம்பு வாளியோடு அங்கேயே நின்றாள். ராயப்பன் கைமேல் தலை வைத்துப் படுத்த நாட்களில் காதருகே ஓடிய சத்தம் அது. இப்போது பத்தடி தூரத்தில் அது கேட்காது என்று தெரிந்தும் அவளுக்குக் கேட்டது. வாளி சாய்ந்து சுண்ணாம்பு காலில் கொட்டியது. எரிச்சல் தெரியவில்லை.

அப்போதும் அவளுக்கு அந்த மனிதர்மேல் சந்தேகம் வரவில்லை. காரில் வந்து இறங்கியவர், சோறு போட்டவர். அந்தப் பாவி விருத்தாசலம் திருடிக்கொண்டு வந்து இவர் தலையில் கட்டியிருப்பான் என்றுதான் நினைத்தாள். வாளியை வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

மண்டி முற்றத்தில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் தன் லாரியின் சக்கரத்தில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தராசுப் பக்கம் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

"என் புருஷனை எதால அடிச்சே?"

புடைத்துக்கொண்டிருந்த முறங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இன்னாக்கா, வெயில்ல மண்டை கொழம்பிடுச்சா?" என்று அவன் சிரித்தான்.

"வாட்ச்சைப் பாத்துட்டேன். மொதலாளி கையில இருக்குது. எதால அடிச்சே சொல்லு."

சிரிப்பு போய்விட்டது. அவன் பீடியை எறிந்துவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் விழுந்தாள். வயிற்றில் உதைத்தான். "சேரி நாயே, சோறு போட்ட எடத்துலயே பேஜாரு பண்றியா?" என்று மறுபடி காலைத் தூக்கினான். அந்தக் கால் இறங்குவதற்குள் கொக்கி அவன் தொடையில் ஏறியது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வேட்டியும் சதையும் சேர்ந்து கிழிந்தன. அவன் அலறிக்கொண்டு சரிந்தான். அவள் அவன்மேல் ஏறி உட்கார்ந்து கொக்கியைத் தோள்பட்டையில் இறக்கினாள். முனை எலும்பில் இடித்தது.

"எதால அடிச்சே?"

"ஜாக்கி ராடு… அக்கா, ஜாக்கி ராடு…" அவன் வாயில் எச்சில் வழிந்தது. "குனிஞ்சி நட்டு கழட்டும்போது பின்னால அடிச்சேன். அப்பறந்தான் சக்கரத்தைக் கழட்டிட்டு, அண்ணனை அடியில தள்ளி ஜாக்கியைத் தட்டி வுட்டேன். நானா பண்ணலக்கா! மொதலாளிதான் எப்பிடியாவது வாங்கியாடான்னாரு. அதுக்குத்தான் இந்த வண்டியைக் குடுத்தாரு!"

முற்றத்துப் பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். சவுரியம்மாளின் பிடி தளர்ந்தது. அவள் தலையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்தாள்.

சீனுவாசன் கூச்சல் கேட்டுத் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். வாட்ச் கையிலேயே இருந்தது.

"மொதலாளி," என்றாள். அவள் குரல் கெஞ்சுவதுபோலத்தான் இருந்தது. "இவன் பொய் சொல்றான்னு சொல்லுங்க."

அவர் விருத்தாசலத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கறீங்க? அடிச்சி வெளிய போடுங்கடா அவளை!" என்றார்.

மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். மற்றவன் தடியால் அடித்தான். இடது முன்கையில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. அவள் கத்தவில்லை. கத்தியது முனியம்மாள். புடைக்கும் பெண்களில் மூத்தவள், யாரோடும் சண்டைக்குப் போகாதவள். அவள் கையிலிருந்த முறத்தை அந்த ஆளின் முகத்தில் ஓங்கி அடித்தாள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். முறம், கல், செருப்பு, கையில் அகப்பட்டதெல்லாம் பறந்தது. அந்த இரண்டு பேரையும் மல்லாட்டைக் குவியலில் தள்ளி மிதித்தார்கள். ஒருவனுடைய காது பாதி கிழிந்து தொங்கியது.

சவுரியம்மாள் எழுந்தாள். முறிந்த கை பக்கத்தில் தொங்கியது. வலது கையால் தராசிலிருந்த எடைக்கல்லைத் தூக்கினாள். இரும்புக்கல், பிடி வைத்தது. சீனுவாசன் படியில் பின்வாங்கி ஏறப் போய், தடுக்கிச் சுவரோரமாக விழுந்தார். அவள் கல்லை ஓங்கியபோது அவர் செய்ததை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் தலையை மறைக்கவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார்.

தலையில் போடத்தான் அவள் ஓங்கினாள். அதைப் பார்த்ததும் கல்லின் வழி மாறியது. பொத்தியிருந்த கையின்மேல் போட்டாள். மூன்று தரம் போட்டாள். விரல்கள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நாலாம் தரம் ஓங்கும்போது முனியம்மாள் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"போதும்டி. செத்துட்டா நீ தூக்குல தொங்குவே. போதும்."

போலீஸ் வந்தது. விருத்தாசலம் கத்திச் சொன்னதை இந்தத்தரம் வந்த இன்ஸ்பெக்டர் முனியம்மாளையும் இன்னும் பதினோரு பெண்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தத்தில் ஊறிய வாட்ச்சைக் கழற்றித் துடைத்தார். விரல்களெல்லாம் உடைந்தும் வாட்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து சின்னக்கண்ணுவை வரவழைத்துப் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். ராயப்பன் பெயர் வெட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சீனுவாசனிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஒரு வருஷமா வெச்சிருக்கீங்க. இந்தப் பேரைச் சுரண்டியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. ஏன் வுட்டீங்க?"

"சுரண்டினா வாட்ச் போயிடுங்க," என்றார் சீனுவாசன். அந்த வலியிலும் அவருக்கு அது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாததே வியப்பாக இருந்தது. "செஞ்சது செஞ்சபடி இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

வழக்கு கடலூர் கோர்ட்டுக்குப் போனது. முதலாளி மெட்ராஸிலிருந்து வக்கீல் வைத்தார். அடிக்குப் பயந்து உளறியது செல்லாது, லாரி விபத்தில் செத்தவனுக்கு இன்றைக்கு என்ன சாட்சி இருக்கிறது என்று அந்த வக்கீல் வாதாடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. கேஸ் நிற்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கையில் மாவுக்கட்டோடு சவுரியம்மாள் ஜெயிலில் இருந்தபோது சின்னபொண்ணு பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அன்னிக்கி அவரு சட்டையில ரத்தம் இருந்துச்சு அக்கா," என்றாள். "முன்பக்கம் முழுக்கத் தெறிச்சிருந்துச்சு. வண்டியில மாட்டினவரைத் தூக்கினதுல பட்டுச்சுன்னாரு. ஆனா மடியில வாட்ச்சு இருந்துச்சு. நான் கேக்கல. சட்டையை நான்தான் தொவைச்சேன்."

சவுரியம்மாளின் நல்ல கை கம்பிக்குள் பாய்ந்து சின்னபொண்ணின் கொண்டையைப் பிடித்தது. முகத்தை இழுத்துக் கம்பியில் மோதினாள். இரண்டு தரம் மோதினாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. சின்னபொண்ணு தலையை விலக்கிக்கொள்ளக்கூடப் பார்க்கவில்லை. வார்டர்கள் ஓடிவந்து பிரிப்பதற்குள் சவுரியம்மாள் அவள் காதருகே சொன்னாள்:

"என்கிட்ட சொல்லாத. அங்க வந்து சொல்லு."

சின்னபொண்ணு வந்தாள். கோணலாகச் சேர்ந்த மூக்கோடு கூண்டில் ஏறி, கட்டிய புருஷனுக்கு எதிரில் நின்று, சட்டையைப் பற்றியும் மடியில் இருந்த வாட்ச்சைப் பற்றியும் சொன்னாள். வக்கீல் அவளை நடத்தை கெட்டவள் என்றார், பைத்தியம் என்றார். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். "ரத்தம் முன்பக்கம் இருந்துச்சுங்க. நான் தொவைச்சேங்க."

விருத்தாசலத்துக்கு ஆயுள் தண்டனை. சீனுவாசன், வாங்கித் தரத்தானே சொன்னேன், கொல்லச் சொல்லவில்லையே என்று கடைசிவரை சாதித்தார். திருட்டுப் பொருள் வைத்திருந்ததற்கு மூன்று வருஷம் போட்டார்கள். அப்பீல் செய்து பாதியிலேயே வெளியே வந்தார். வலது கை விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை, அவருக்குச் சோறு பிசைந்து ஊட்ட ஆள் வைத்தார்கள். சவுரியம்மாளுக்கு இரண்டு வருஷம், வேலூர் பெண்கள் ஜெயிலில். தீர்ப்பைக் கேட்டபோது அவள் தலையாட்டிக்கொண்டாள். தான் அடித்தது உண்மை என்று அவளே சொல்லியிருந்தாள்.

சாட்சி சொன்ன அன்றே சின்னபொண்ணை மாமனார் வீட்டில் கட்டி வைத்து அடித்தார்கள். முன்பற்கள் இரண்டு போயின. பிறந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. அவள் வளவனூருக்கு வந்து, கரும்புத் தோட்டத்தில் காய்ந்த இலையான சோகையை உரிக்கும் வேலையில் சேர்ந்தாள். சவுரியம்மாளின் தாய் ஊர் அது. ராயப்பனை அடக்கம் செய்ததும் அங்கேதான். தெரிந்தே வந்தாளோ என்னவோ.

அறுபத்துமூன்றில் சவுரியம்மாள் விடுதலையாகி, கடலூர் கோர்ட்டில் ரேகை வைத்து வாட்ச்சை வாங்கிக்கொண்டாள். ஒரு கடிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். விழுப்புரத்தில் சின்னக்கண்ணு, மெட்ராஸில் ஓர் ஆள் இதற்காகக் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கேஸ் பத்திரிகையில் வந்ததிலிருந்து இப்படிப் பொருள் சேர்க்கிறவர்களுக்கு இதன்மேல் ஆசை கூடிவிட்டதாம். கொலைக் கதையோடு சேர்ந்தால் மதிப்பு அதிகமாம்.

"அவனுக்குப் பைத்தியமா?" என்றாள் சவுரியம்மாள்.

அன்று மாலையே வளவனூருக்குப் போய், கல்லறைத் தோட்டத்தில் ராயப்பன் குழியோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊரணிக் கரையில் ஒரு கருங்கல்மேல் வாட்ச்சை வைத்து, இன்னொரு கல்லால் அடித்தாள். ஒரே அடியில் கண்ணாடி போனது. பிறகு முகம், முள், உள்ளிருந்த சக்கரங்கள். தங்கம் தகடாகும்வரை அடித்தாள். பேர் வெட்டிய பின்மூடி மட்டும் தனியாகத் தெறித்து விழுந்தது. அதை அடிக்கவில்லை.

கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு நின்றார்கள். அவர்களில் சின்னபொண்ணும் இருந்தாள். மற்றவர்கள் போன பிறகும் அவள் நின்றாள். சவுரியம்மாள் நிமிர்ந்து, பல் போன அந்த வாயைப் பார்த்தாள்.

"எங்க தங்கியிருக்கற?"

"கோயிலாண்ட ஒரு கொட்டாயிலக்கா."

சவுரியம்மாள் சிதறிய துண்டுகளைப் புடவைத் தலைப்பில் கூட்டி முடிந்துகொண்டாள். எழுந்தபோது வளைந்து சேர்ந்த இடது கை வலித்தது.

"காத்தாலைக்கி வேலைக்கிப் போறப்போ என்னையும் கூப்புடு," என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள்.